பங்காளி வரிசையில் ஒரு தலை

என் மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டில் செத்துப்போனவர்களுக்குத்தான் மரியாதை. உயிரோடு உட்கார்ந்திருக்கும் நான் ஒரு டம்ளர் காபி கேட்டால் அது வருவதற்குள் கொட்டாவியே அடங்கிவிடும். ஆனால் எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் போன ஒரு கிழவர் யாருக்குச் சித்தப்பா என்று தெரியாவிட்டால், அந்த நிமிஷமே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

வம்ச வரலாறு எழுதப் போகிறானாம். கூடவே எங்கள் ஊர் செம்பட்டியின் வரலாறும்.

"நம்ம வேரு எங்க இருக்குன்னு நமக்கே தெரியாமப் போயிரும்மா" என்றான்.

"முருங்கமரத்து வேரு கக்கூஸ் தொட்டிக்குள்ள போயி அடைச்சுக் கெடக்கு. மொதல்ல அதப் பாருடா" என்றேன். காதில் வாங்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்க்காதவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழையை மருமகள் திருத்துகிறாள். அவளைப் பற்றி வரும் இடங்களை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே திருத்துகிறாள். அதனால் அவள் இதில் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

மகன் வீடு வீடாகப் போய் வயதானவர்கள் முன்னால் செல்போனை நீட்டி, "உங்க முன்னோர் எங்கருந்து வந்தாக?" என்று கேட்பான். எல்லா வீட்டிலும் ஒரே பதில். வடக்கே பஞ்சம் வந்ததாம். சாமியைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். வழியில் ஆற்றில் வெள்ளமாம், சாமி விலக்கி வழி விட்டதாம். ராத்திரி சாப்பிடும்போது இதை ஒவ்வொன்றாகச் சொல்லுவான்.

"எல்லாரும் சாமியத் தூக்கிட்டு வந்தாகன்னா, சோத்துச்சட்டிய யாருடா தூக்கிட்டு வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன்.

யோசித்தான். பிறகு நிஜமாகவே போனில் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டான். அப்படிப்பட்ட பிள்ளை.

என்னையும் விடவில்லை. "ஏம்மா, நம்ம ஆளுக வேற எங்கயும் போகாம செம்பட்டியில வந்து ஏன் தங்குனாக?" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

செம்பட்டியில் நின்றால் வத்தலக்குண்டுக்கு ஒரு ரோடு, பழனிக்கு ஒரு ரோடு, திண்டுக்கல்லுக்கு ஒரு ரோடு. "பஸ்ஸு மாற எறங்கியிருப்பாக. அடுத்த பஸ்ஸு வந்திருக்காது" என்றேன்.

"அப்ப ஏதும்மா பஸ்ஸு?"

"அதான் வரலைங்கறேன்."

இதெல்லாம் அவனுக்கும் பொழுதுபோக்கு, எனக்கும் பொழுதுபோக்கு என்று போய்க்கொண்டிருந்தது. என் பேத்தியின் கல்யாணத்தில் கொண்டுபோய் முட்டும் என்று யார் கண்டது?

பேத்தி என்றால் இவனுடைய ஒரே மகள். திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். கன்னிவாடியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் ஒரு பையன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அங்கே வந்திருக்கிறான். பல்லைப் பிடுங்கின பிறகும் வலிக்கிறது, வலிக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். டாக்டர் தேடிப் பார்த்துவிட்டு வலி பல்லில் இல்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு வீட்டிலும் பேசினோம். எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி, குலதெய்வம் எது என்பதுதான். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி, கட்டக் கூடாது. எங்களுக்குக் கருப்பு, அவர்களுக்கு அம்மன். தொல்லை இல்லை. நிச்சயம் பண்ணி, மண்டபமும் பிடித்தாயிற்று.

அப்போதுதான் என் மகனுக்கு அந்த யோசனை வந்தது. மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைக்க வேண்டும். இந்தப் பக்கம் பெண் வீட்டு வம்சம், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு வம்சம், நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும். முன்னோர் ஒவ்வொருவரும் வட்டத்துக்குள் சிரிக்க வேண்டும்.

"எந்த முன்னோருடா சிரிச்சுக்கிட்டுப் படம் எடுத்தாக? எல்லாரும் போலீசு புடிச்சுட்டுப் போன மாதிரியில்ல இருக்காக" என்றேன்.

இருந்தது ஒரே ஒரு பழைய படம். என் மாமனாருடைய காரியத்தன்று எடுத்தது. அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் செத்தால் பங்காளி வீட்டு ஆண்கள் மொட்டை போடுவார்கள். மாமன் மச்சான் வீட்டார் மொட்டை போட மாட்டார்கள். அவர்கள் கோடித்துணி எடுத்து வருவார்கள். அதனால் எழவு வீட்டில் யாரையும் விசாரிக்கவே வேண்டாம். மொட்டைத் தலை என்றால் பொண்ணு கொடுக்கக் கூடாது. முடி இருந்தால் கொடுக்கலாம்.

படத்தில் முன்வரிசை முழுக்க மொட்டை. சந்தைக்கு வந்த பூசணிக்காய் மாதிரி வெயிலில் மின்னுகிறார்கள். பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் முடி இருக்கிறது. முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஆனால் உச்சி திறந்து கிடக்கிறது. அதுவும் மின்னுகிறது.

மகன் இந்தப் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு கன்னிவாடிக்குப் போனான். அவர்கள் வம்சத்துப் பெயர்களை வாங்கிவரத்தான் போனான். அங்கே மாப்பிள்ளைப் பையனுடைய அப்பத்தா இருக்கிறாள். என் வயதுதான், ஆனால் என்னைவிடப் பல் அதிகம். சும்மா பெருமைக்குப் படத்தைக் காட்டியிருக்கிறான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தி! இந்தா ஓரத்துல உக்காந்திருக்காகளே, இது எங்க மாமனாருல்ல! அந்த மூக்கும் கடுக்கனும் வேற யாருக்கு இருக்கு?" என்றாளாம்.

என் மகன் திரும்பி வந்தபோது முகம் பழைய சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பைக்கை ஸ்டாண்டு போடாமல் இறங்கினான். பைக் விழுந்தது. அதைக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பையனோட பூட்டனாரு நம்ம தாத்தா காரியத்துல மொட்டை போட்டு உக்காந்திருக்காரும்மா. பங்காளிம்மா அவுக. சாமிய எங்கயோ மாத்திக் கும்புட்டுட்டாக போலருக்கு."

மருமகள் கையில் இருந்த வெங்காயம் உருண்டு போனது. "அப்படின்னா?"

"அப்படின்னா ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி."

மருமகள் தரையில் உட்கார்ந்தேவிட்டாள். அவளுக்கு வந்த முதல் சந்தேகம் இதுதான்: "நேத்து போன்ல 'நல்லாருக்கீகளா மாப்ள'ன்னு கேட்டேனே. இனிமே மகனேன்னு கூப்புடணுமா அத்த?"

பேத்தி வேலை முடித்து வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னது அவள் அப்பன்தான். வம்சம், ரத்தம், முன்னோர் என்று ஒரு பிரசங்கமே செய்தான். அவள் அழவில்லை. உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி தேய்த்தாள். தெருவுக்கே கேட்டது. பிறகு வெளியே வந்து அப்பனைப் பார்த்து, "நீங்க பாட்டுக்கு ஆபீசுக்கே போயிருக்கலாம்ப்பா. ரிடையர் ஆகிருக்கவே கூடாது. எனக்கு அவரு வேணும். உங்க போட்டோ வேணாம்" என்றாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கும் விளையாட்டு போய்விட்டது.

படத்தை வாங்கி மூக்கில் இடிக்க வைத்துப் பார்த்தேன். "ஏலே, இது மொட்டைன்னு எவன்டா சொன்னான்? வழுக்கையா இருந்தா?"

மகன் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான்.

"வழுக்கைன்னா ஓரத்துல முடி இருக்கும்ல" என்றான்.

"ஓரத்தத்தான் துண்டு மறைச்சிருக்கே."

"மொட்டை போட்ட எடத்துல சீதளம் புடிக்கும்னு துண்டு கட்டியிருப்பாரும்மா."

"சீதளத்துக்குப் பயந்தவரு உச்சிய ஏண்டா தெறந்து போட்டாரு?"

வாயால் ஜெயித்துவிட்டேன். ஆனால் என்னிடம் சாட்சி இல்லை. அந்தக் காரியத்தன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். புது மருமகள். அடுப்படியில் புகைக்குள் நின்று வடை தட்டிக்கொண்டிருந்தேன். ஆண்கள் தலையை எட்டிப் பார்க்க எனக்கு ஏது நேரம்?

ஆக, என் பேத்தியின் கல்யாணம் எப்போதோ செத்துப்போன ஒருவருடைய உச்சந்தலையில் வந்து நின்றது. அது சிரைத்த தலையா, தானாக உதிர்ந்த தலையா என்று யாராவது சொல்ல வேண்டும்.

சித்தையன்கோட்டையில் இருக்கும் என் கொழுந்தனைக் கூப்பிட்டோம். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். பங்காளிகளில் இப்போது அவர்தான் பெரியவர். அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அதைவிட, அந்தப் படத்தில் அவரே இருக்கிறார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, மொட்டைத் தலையோடு வாயைப் பிளந்து அழும் சின்னப் பையன் அவர்தான்.

"சொல்லுங்க தம்பி, பக்கத்துல உக்காந்தவரு மொட்டையா வழுக்கையா?" என்றேன்.

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டார். மகன் போனை நீட்டிப் பதிவு போட்டான். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"மதினி, அன்னிக்குப் போட்ட வடை ஞாபகம் இருக்கு. நடுவுல வேகல."

அது நான் தட்டிய வடை. ஆனால் கல்யாணம் நடக்க வேண்டுமே என்று பேசாமல் இருந்தேன்.

மகன் படத்தைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துக்கொண்டு போனான். பிளக்ஸ் கடையில் ஒருவன், பழைய படத்தைக் கம்ப்யூட்டரே தெளிவாக்கித் தரும் என்று சொல்லியிருக்கிறான். தெளிவாக்கிக் கொடுத்தான். வந்து பார்த்தால் முன்வரிசையில் எல்லாருக்கும் சுருட்டை முடி! மொட்டைத் தலைகளில் எல்லாம் கம்ப்யூட்டர் முடி நட்டு வைத்திருக்கிறது. அழுகிற என் கொழுந்தனுக்கு மீசைகூட வைத்துவிட்டது.

"பாத்தீகளா, கம்ப்யூட்டரே முடி இருக்குங்குது. அப்ப அவரு மச்சான்தான்!" என்று மருமகள் குதித்தாள்.

"அப்படிப் பாத்தா நாங்க எல்லாரும் மச்சான்தான்" என்றார் கொழுந்தன், மீசையைப் பார்த்தபடி. "செத்தவருக்குப் பங்காளியே கெடையாதுன்னு ஆயிருதேம்மா."

பிறகு நானே மாப்பிள்ளையின் அப்பத்தாவான அந்தக் கன்னிவாடிக்காரிக்குப் போன் போட்டேன். அவளை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பங்காளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்றால் அவள் எனக்கு ஓரகத்தி. சம்பந்தி வீட்டுக்காரி என்றால் மதினி. அவளுக்கும் அதே சங்கடம். இரண்டு பேரும் "அலோ" என்று சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் நானே கேட்டேன். "உங்க மாமனாருக்குத் தலையில முடி இருந்துச்சா?"

"அத நான் எப்படிப் பாக்குறது?" என்றாள்.

"ஏந்தாயி, அவுகளோட ஒரே வீட்டுலதான இருந்தீக?"

"இருந்தா? அவுக செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ள போயிருவோம். சோறு வச்சாலும் குனிஞ்சு வச்சுட்டுக் குனிஞ்சே வந்துருவேன். எப்பப் பாத்தாலும் தலப்பா. தூங்கையிலயும் தலப்பா. செத்த பெறகு துணிய மூடிட்டாக. மாமனாரு தலைய மருமக பாக்கலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அத்தனை வருஷம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள் அவள். உச்சந்தலை மட்டும் தெரியாது.

"உங்க வீட்டுக்காரரு?"

"அவரு சின்ன வயசுலயே போயிட்டாரே. போகையில நெறைய முடியோடதான் போனாரு."

"உங்க மகன்?"

"எம் மகனுக்கு என்ன? பொதரு பொதரா காடு மாதிரி."

நான் போனை வைத்துவிட்டேன். இவள் வாயைத் திறக்கத் திறக்கக் கல்யாணம் தள்ளிப் போகிறது.

கொழுந்தன் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டையில் தன் தென்னந்தோப்பில் பங்காளிகள் எல்லாரும் கூட வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரும் வர வேண்டும், அங்கே முடிவு. அவர் கெட்ட எண்ணக்காரர் இல்லை. "மதினி, நாளைக்கு ஒரு பங்காளி செத்தா அந்தப் பய மொட்டை போடணுமா, கோடி எடுத்துட்டு வரணுமா? எழவு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அவன் ரோசிக்கக் கூடாதுல்ல?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் பயம்.

சனிக்கிழமை மத்தியானம் நான் தனியாக இருந்தேன். மாப்பிள்ளைப் பையன் பைக்கில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். நல்ல பிள்ளை, வந்தவுடன் காலில் விழுந்தான். எழுந்திரிக்கவில்லை.

"என்னப்பு, இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"அப்பத்தா, ஒரு விசயம் சொல்லணும். நீங்க சிரிக்கக் கூடாது."

"சிரிக்காம இருக்கறது எனக்கு வராத வேலை. பரவால்ல, சொல்லு."

எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். பிறகு நெற்றிக்கு மேலே விரலை விட்டு, பணியாரத்தைக் குழியிலிருந்து கிளப்புகிற மாதிரி மெதுவாகக் கிளப்பினான். முடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே உச்சி முழுக்க வெட்டவெளி. காதோரம் மட்டும் கொஞ்சம் வேலி.

நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் மருமகளே நம்ப மாட்டாள். சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு அவன் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இது மொட்டையில்ல அப்பத்தா, தானாப் போனது" என்றான் அழுகிற குரலில். "திண்டுக்கல்லுல ஒரு கடையில வச்சு விட்டாங்க. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. நாளைக்கு அம்புட்டு பேரு முன்னாடி இத எடுத்துக் காட்டுனா, எங்க வம்சத்துல வழுக்கை இருக்குன்னு தெரிஞ்சிரும். ஆனா..."

"வெக்கமா இருக்கு."

"ஆமா."

"எம் பேத்திக்குத் தெரியுமா?"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கலரு பாத்துச் சொன்னதே அவதான். ரொம்பக் கறுப்பா வேணாம், செம்பட்டை கலந்து எடுங்கன்னா."

கழுதை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டு பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். இவன் சொல்லாமல் தான் சொல்லக் கூடாது என்று இருந்திருக்கிறாள்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. சொல்ல வேணாம், வேற வழி பாப்போம்னா. வேற வழி எங்க அப்பத்தா இருக்கு?"

அவனுக்குச் சோறு போட்டேன். சுரைக்காய்க் கூட்டும் அப்பளமும்தான் வெஞ்சனம். வழுக்கைத் தலையோடேயே சாப்பிட்டான். மின்விசிறிக் காற்று நேராகப் படுவது நன்றாக இருக்கிறது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தென்னந்தோப்பில் ஆம்பளைகள் ஒரு பக்கம் நாற்காலியில், நாங்கள் ஒரு பக்கம் ஜமுக்காளத்தில். ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதனால் எல்லாருக்கும் சீக்கிரம் முடிவு தெரிந்தால் தேவலை என்றிருந்தது. மகன் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, பிளக்ஸ் அடித்து ஒரு தென்னை மரத்தில் கட்டியிருந்தான். தேங்காய்களுக்குக் கீழே அந்த உச்சந்தலை ஒரு தேங்காய் மாதிரியே இருந்தது. ஒவ்வொருவராகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிளக்ஸைத் தொட்டால் முடி தெரியுமா? கேட்டால் கோபம் வரும்.

கொழுந்தன் எழுந்து, "ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டே இருந்தா கறி கரைஞ்சிரும். அது வழுக்கைதான்னு காட்ட யாருகிட்டயாவது சாட்சி இருக்கா?" என்றார்.

என் பேத்தி தலையைக் குனிந்துகொண்டு ஜமுக்காளத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைப் பையன் எழுந்து நடுவில் வந்து நின்றான். "நான்தான் சாட்சி" என்று சொல்லிவிட்டு முடியைக் கழற்றினான்.

ஒரு பங்காளி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். யாரோ "முருகா" என்றார்கள். பேத்தி மட்டும் தலையை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இவனைப் பார்த்து எவன் சிரிக்கிறான் என்று பார்க்கிற பார்வை. எவனும் சிரிக்கவில்லை.

கொழுந்தன் கிட்டே போய்ப் பையன் தலையைப் பார்த்தார், மரத்தில் இருந்த தலையைப் பார்த்தார். திரும்பவும் பையன் தலை. "பொருந்தத்தான் செய்யுது" என்றார். பிறகு முகம் சுருங்கியது. "ஆனா தம்பி, இப்பெல்லாம் எந்தப் பயலுக்குத்தான் முடி நிக்குது? தண்ணி சரியில்ல. வம்சத்துல வர்றதா இருந்தா ஒங்கப்பாருக்கும்ல வந்திருக்கணும்? அவருக்குத் தேங்கா நாரு மாதிரி அடர்த்தியால்ல இருக்கு?"

எல்லாரும் பையனுடைய அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகம் பேசாத மனிதர். வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், பிறகு திரும்ப வைத்தார். மெல்ல எழுந்தார். மகனைப் பார்த்து, "எந்தக் கடையில வச்ச?" என்றார்.

மாப்பிள்ளைப் பையன் கடையைச் சொன்னான்.

"நானும் அங்கதான்" என்று சொல்லிவிட்டு அவரும் தன் முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தோப்பே எழுந்து நின்றுவிட்டது. கன்னிவாடிக்காரி மார்பில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! நான் பெத்த தலைடா! நான் எண்ணெ வச்ச தலைடா! எங்கிட்டயே மறைச்சிட்டியேடா!" என்று மகன் மேல் பாய்ந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். மகன் தலை, பேரன் தலை, மரத்தில் தொங்கும் தலை. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றும் ஒரே அச்சு. நெற்றிக்கு நடுவில் ஒரு சின்ன மேடுகூட ஒரே இடத்தில் இருந்தது. குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்கித்தான் எங்க மாமனாரு தலையப் பாக்குறேன்" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

கொழுந்தன் விடுவதாக இல்லை. "சரி, வழுக்கைதான். ஒத்துக்கறேன். வழுக்கைக்காரரு, மச்சான் மொறைக்காரரு, எதுக்குய்யா எங்க மொட்டை வரிசையில வந்து உக்காந்தாரு?"

"நான் சொல்றேன்" என்றேன். "படம் புடிக்க வந்தவன், 'மொட்டைத் தலையெல்லாம் முன்னாடி வாங்க, முடி இருக்கறவங்க பின்னாடி போங்க'ன்னு கத்துனான். இவரு உச்சியப் பாத்துட்டு இவரையும் இழுத்து உக்கார வச்சிருப்பான். எழவு வீட்டுல எனக்கு வழுக்கைய்யான்னு அவருகிட்ட வாதாடவா முடியும்?"

"மதினி, நீங்க அடுப்படியிலல்ல இருந்தீக?"

"நாந்தான் அடுப்படியில இருந்தேன். காதும் வடை தட்டிக்கிட்டா இருந்துச்சு?"

கொழுந்தன் கேட்கக் கேட்க, படம் பிடித்தவன் கத்தியது எனக்கு இன்னும் நன்றாகவே கேட்டது. வடை நடுவில் வேகாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

கொழுந்தன் பங்காளிகளைப் பார்த்தார். பங்காளிகள் கறிச்சட்டியைப் பார்த்தார்கள். "மாமன் மச்சான்தான்" என்றார் ஒருவர். "சந்தேகமே இல்ல" என்றார் இன்னொருவர். என் மகன் மட்டும், "அப்படின்னா அவரு எந்த வழியில நமக்கு மச்சான்னு ஒரு..." என்று போனை எடுத்தான். மருமகள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். இதை நானாகவே எழுதுகிறேன், அவள் திருத்தவில்லை.

ஆனால் கொழுந்தன் ஒரு நிபந்தனை போட்டார். தாலி கட்டும்போது மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்கு அப்பா இரண்டு பேரும் சொந்தத் தலையோடு நிற்க வேண்டும். வராத பங்காளிகளும் பார்க்க வேண்டும். நாளைக்கு எவனும் இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பஞ்சாயத்து வைக்கக் கூடாது.

மாப்பிள்ளை என் பேத்தியைப் பார்த்தான். அவள் ஆம்பளைகள் பக்கம் திரும்பி, "முகூர்த்தத்துக்கு உங்க இஷ்டம் தாத்தா. சாயங்காலம் ரிசப்சனுக்கு எங்க இஷ்டம். என் கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வருவாங்க. அவரு முடியோடதான் நிப்பாரு" என்றாள். கொழுந்தன் ஒத்துக்கொண்டார். அவள் அன்றைக்குக் கறியும் சோறும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

கல்யாணம் அப்படியே நடந்தது. காலையில் மணவறையில் மாப்பிள்ளையின் உச்சி ஹோமத்து வெளிச்சத்தில் செப்புக்குடம் மாதிரி மின்னியது. பங்காளிகள் வரிசையாக வந்து அட்சதை போடுகிற சாக்கில் தலையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கன்னிவாடிக்காரி என்னை வாய் நிறைய "மதினி" என்று கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் தொண்டை சரியானது மாதிரி இருந்தது.

சாயங்காலம் ரிசப்சன். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு, செம்பட்டை கலந்த முடியைத் தூக்கிச் சீவிக்கொண்டு மேடையில் நின்றான். பக்கத்தில் அவன் அப்பாவும் முடியோடு நின்றார். காலையில் வந்துவிட்டுச் சாயங்காலமும் வந்தவர்கள் முதலில் கண்ணைக் கசக்கினார்கள். என் மகனோடு வேலை பார்த்த ஒரு அம்மா என் காதருகே குனிந்து, "பாட்டி, காலையில தாலி கட்டுனவரு யாரு? இப்ப நிக்கறவரு யாரு?" என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்குத் தென்னந்தோப்பிலிருந்து எல்லாவற்றையும் சொல்லப் பொழுது இல்லை. பந்தியில் எனக்கு இலை போட்டுவிட்டார்கள். "காலையில நின்னவரு முகூர்த்த மாப்பிள்ள. இவரு ரிசப்சன் மாப்பிள்ள. எங்க வகையறாவுல அப்படித்தான்மா, ஆதியிலருந்து" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைப் பார்த்தேன். அவர் அடுத்தவரிடம் சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது, கண்ணாடி போட்ட ஒருவர் எதிரே வந்து நின்றார். என் மகனுடைய சினேகிதராம், இவரும் ஊர் ஊராகப் போய்ப் பழைய வழக்கங்களைச் சேகரிக்கிறாராம்.

"பாட்டிம்மா, உங்க வகையறாவுல காலைக்கு ஒரு மாப்பிள்ளை, சாயங்காலத்துக்கு ஒரு மாப்பிள்ளைன்னு ஒரு பழைய சடங்கு இருக்காமே? இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணல. செத்த சொல்றீங்களா?" என்று போனை நீட்டினார்.

பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவருக்கும் ஒரு இலை போடச் சொன்னேன்.

"வடக்க ஒரு பஞ்சம் வந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.